அவருக்கென்று ஒரு போன்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பாதிப் பேச்சும் போன பிறகுதான், வீட்டில் ஒரு போன் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது. அதுவரை அது ஹாலில் ஒரு ஸ்டூலின் மேல் தூசி படிந்து கிடந்த சாமான். மழை பெய்தால் இரையும், அடிக்கடி செத்துப்போகும். ஒரு நாள் அடியோடு செத்தது. புகார் சொன்னபோது, அந்தக் கம்பி இணைப்புக்கு இனி ஆயுசு இல்லை, இன்டர்நெட் வழியாக வரும் போனுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். சிநேகிதர் என்று அவருக்கு இருந்தது ஒரே ஒருவர்தான். அதே மில்லில், அதே ஷிப்டில் கூடவே வேலை பார்த்தவர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். வேலையை விட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்துவிடுவார். மூட்டு தேய்ந்து பஸ் படி ஏற முடியாமல் போனதும் அந்த வரத்து நின்றது. இவராலும் போக முடியாது. இரண்டு பேருக்கும் மிச்சம் இருந்தது பேச்சு மட்டும்தான்.

"அதான் செல்லு இருக்கே" என்றார்கள் எல்லோரும். இருந்தது. ஆனால் எங்கள் தெரு மலையை ஒட்டியது. வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. மாடிக்கு அவரால் ஏற முடியாது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால், இடது கை விரல் செல்லின் கண்ணாடியில் வழுக்கி யாருக்கோ போன் போகும். சரியாகப் போனாலும், அவர் ஒரு வார்த்தையைத் தேடிப் பிடித்துச் சொல்வதற்குள் குரல் துண்டு துண்டாக அறுந்துவிடும். அந்தப் பக்கம் சிநேகிதர், "ஏலே, இருக்கியா? ஏலே!" என்று கத்திப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். இவர் செல்லை மடியில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்திருப்பார். நாளாக நாளாக, போன் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பதையே விட்டுவிட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

வீட்டுப் போனை மாற்றப் போகிறேன் என்று தெரிந்ததும் என் கொழுந்தனார் வந்தார். நான் ஹாலில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பக்கத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"எதுக்கு மதினி இந்த வீண் வேலை? ஊரே வீட்டுப் போனைக் கழட்டிப் போடுது. நீங்க புதுசா மாட்டப் போறீகளாக்கும். பேசவே வராத ஆளுக்கு எதுக்கு போனு?"

கட்டிலில் இருந்தவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் தையல் மெஷினை நிறுத்தினேன்.

"தம்பி, அவியளுக்குப் பேச்சுதான் திக்குது. காது நல்லாக் கேக்கும். அவியளை வச்சுக்கிட்டே அவியளைப் பத்தி இப்படிப் பேசுறதா இருந்தா இந்த வீட்டுக்கு வராதீக. போனு வாங்கத்தான் போறேன்."

கொழுந்தனார் நான் வைத்திருந்த காபியைத் தொடாமல் எழுந்து போனார். அதற்கு முன்பு அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. ஆனாலும் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

எந்த இணைப்பு வாங்குவது என்று விசாரிக்கத் தொடங்கினேன். எங்கள் தெருவில் டிவிக்கும் இன்டர்நெட்டுக்கும் ஒயர் இழுத்திருக்கும் கேபிள்காரரிடம் முதலில் கேட்டேன். போன் என்றால் செல்லிலேயே ஒரு ஆப் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

"பட்டன் அமுக்குற போனை இதுல மாட்ட முடியுமா?"

"அதெல்லாம் இப்ப யாரு வச்சிருக்கா, அக்கா?"

"கரண்டு போனா?"

"கரண்டு போனா எல்லாம்தான் போவும்."

இன்னொரு கம்பெனியிலிருந்து ஒரு பெண் செல்லில் பேசினாள். எங்கள் பழைய நம்பர் அப்படியே கிடைக்குமா என்று கேட்டேன். எத்தனை சினிமா பார்க்கலாம் என்று சொன்னாள். திரும்பக் கேட்டேன். திரும்பவும் சினிமாவையே சொன்னாள். வைத்துவிட்டேன்.

கடைசியில் எங்கள் பழைய போன் கம்பெனியின் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்கே பஸ் ஏறினேன். அங்கே இருந்த அதிகாரி அம்மாள் நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். பழைய நம்பரே தொடரும். வீட்டுக்குள் வைக்கும் பெட்டியின் பின்னால் ஒரு துளை இருக்கும், பட்டன் போன் எதையும் அதில் சொருகலாம். "ஆனா ஒண்ணும்மா, கரண்டு போச்சுன்னா பெட்டி அணைஞ்சுரும், போனும் போயிரும். அதுக்குத் தனியா ஒரு சின்ன பேட்டரி வாங்கி வச்சுக்கணும்" என்றார். பேட்டரியைப் பற்றி மற்றவர்கள் யாரும் மூச்சு விடவில்லை. குறையையும் சேர்த்துச் சொன்ன இடத்திலேயே வாங்குவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஒயர் இழுக்க இரண்டு ஆட்கள் வந்த அன்று தெருமுனையில் கேபிள்காரர் வந்து நின்றார்.

"இந்தத் தெருவுல வேற ஒயர் வராதுக்கா. கரண்டு போஸ்ட்டுல பூராம் நம்ம ஒயருதான்."

வந்த ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். நான் படியிறங்கிப் போனேன்.

"செத்த நேரம் நில்லுங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, "போஸ்ட்டு ஒங்க சொத்தா?" என்று கேபிள்காரரைக் கேட்டேன்.

"சொத்து இல்லதான். ஆனா இங்க நாம வச்சதுதான் சட்டம். மீறி இழுத்தீகன்னா ஒங்க வீட்டு டிவி கனெக்சனைக் கழட்டிருவேன்."

"தாராளமாக் கழட்டுங்க. ஏணி எங்க வீட்டுலயே இருக்கு, எடுத்துத் தாரேன்."

சத்தம் கேட்டு முனை வீட்டு அம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். தெலுங்கு பேசுகிற வீடு. மதினி என்பதை எப்போதும் வதினா என்றுதான் கூப்பிடுவார்.

"வதினா, போஸ்ட்டு எதுக்கு? எங்க மாடியில கட்டிக் கொண்டுபோகச் சொல்லுங்க. எவன் வந்து அவுக்கான், பாப்போம்."

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே இன்னொரு வீடு. அவர்களுடைய டிவியும் கேபிள்காரரின் இணைப்புதான், அதனால் முதலில் தயங்கினார்கள். நானே போய் விஷயத்தைச் சொன்னேன். யாருக்காக இந்தப் போன் என்று தெரிந்ததும் மாடிக் கதவைத் திறந்துவிட்டார்கள். மாடி மாடியாகத் தாவி ஒயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது. கேபிள்காரர் சொன்னபடியே எங்கள் டிவியைக் கழற்றினார். நடு வீட்டு டிவியை ஏனோ தொடவில்லை. பல வாரங்கள் எங்கள் டிவி நீலமாகவே கிடந்தது. கிடக்கட்டும் என்று அதன் மேல் துணியைப் போட்டு மூடினேன்.

பெரிய பெரிய பட்டன் வைத்த போன் ஒன்று வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். பெட்டிக்குக் கீழே பேட்டரி. முதல் தடவை நான் அமுக்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எத்தனையோ பெயர்கள் அவருக்கு மறந்துபோயிருந்தன. அந்த நம்பர் மறக்கவில்லை. இடது கை விரலால் ஒவ்வொன்றாக அமுக்கினார். அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கும் கேட்டது.

"யாரு?" என்றார் சிநேகிதர்.

இவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. தொண்டை நரம்பு புடைத்தது. நான் போனை வாங்கிப் பேசப் போனேன், கையைத் தட்டிவிட்டார். லைன் அறுந்துபோகவில்லை. அந்தப் பக்கம் கோயில் மணிச் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

"ஏ... ஏலே" என்றார்.

"நீயாலே? மெதுவாச் சொல்லு. நான் எங்க போறேன்? இங்கதான் இருக்கேன்" என்றது சிநேகிதரின் குரல்.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பேச்சு முழுசாகத் திரும்பிவிடவில்லை. திரும்பாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் பேசுகிறார்கள். அவர் பாதி சொல்ல, இவர் பாதி சொல்ல, மில்லில் எந்த மெஷின் எப்போது படுத்தது என்றெல்லாம் ஓடுகிறது. கொழுந்தனார் இப்போது வருகிறார், காபியும் குடிக்கிறார். போனைப் பற்றி அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

போன வாரம் இரண்டு பேருக்கும் சண்டை. மில்லில் எப்போதோ ஒரு மெஷினை ஓட வைத்தது யார் என்பதில் வந்த சண்டை. "போலே!" என்று திக்காமல் கத்திவிட்டு இவர் போனை வைத்தார். மறுநாள் இரண்டு பேரும் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது. நான் எடுக்கப் போனேன். அவர் இடது கையை உயர்த்தித் தடுத்தார்.

"அடி... அடிக்கட்டும்" என்றார்.