மேசைக்குப் பொட்டு, அலமாரிக்குத் திருநீறு

மகன் ஸ்பெயினில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஒரு பெண்ணையும் பார்த்துவிட்டான். கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டை வந்து பார்ப்பது எங்கள் வழக்கம். அதைக் கேள்விப்பட்டு, பெண்ணின் அம்மா என் மகனோடு நாகர்கோவிலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். ஸ்பானியம் தவிர வேறு மொழி அறியாதவர். வாசலில் நின்று ‘வாருங்கள்’ என்பதைக்கூட மகனை வைத்து மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. மகளைக் கொடுக்கிறவர் நம் வீட்டில் அன்னியமாக நிற்கக்கூடாது.

ஐம்பத்தைந்து வயதில் செல்போனில் ஸ்பானியப் பாடம் ஆரம்பித்தேன். பெயர்ச்சொற்கள் வந்ததும் படுத்துவிட்டேன். அங்கே கரண்டிகூடப் பெண். பெண் சொல்லுக்கு முன்னால் ‘லா’ போடவேண்டும், ஆண் சொல்லுக்கு ‘எல்’. நானோ நாற்காலி, சட்டி, பானை எல்லாவற்றையும் அஃறிணையில் தள்ளிவிட்டுச் சொகுசாக வளர்ந்தவன். நினைவில் நிற்க, சாமான்களில் கலர் காகிதம் ஒட்டினேன்.

மனைவி பார்த்தாள். “இதுக்கு எதுக்காக்கும் காயிதம்? பொம்பளைக்குப் பொட்டு வையுங்க, ஆம்பளைக்குத் துண்ணூறு பூசுங்க.”

ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டும் திருநீற்றுச் சம்படமும் வந்தன. மேசைக்கும் ஜன்னலுக்கும் பொட்டு. கண்ணாடிக்கும் கடிகாரத்துக்கும் மூன்று பட்டை. மின்விசிறிக்கும் பூசினேன், சுவிட்சைப் போட்டதும் எல்லாவற்றையும் என் தலையில் கொட்டிவிட்டு அது நிர்க்குணமானது. அலமாரி ஆண் என்றதும் மனைவி இடுப்பில் கைவைத்தாள்.

“முப்பது வருசமா எஞ்சேலைய எல்லாம் ஒரு ஆம்பளையா வச்சிருந்தான்? சொல்லவே இல்லியே!”

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன ஓய், ஆயுத பூசைக்கு இன்னும் நாள் கெடக்கே?” என்றார்.

சம்பந்தியம்மா வந்தார். வரவேற்பு வாக்கியத்தைத் தொடங்கினேன். இரண்டாவது சொல்லைக் காணவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு அவர் பார்வை என்னைத் தாண்டி மேசைக்குப் போனது. உள்ளே வந்து பொட்டைத் தொட்டார். “லா மெஸா.” ஜன்னலைத் தொட்டார். கண்ணாடியின் பட்டையைப் பார்த்தார். விளக்கப் போன மகனைக் கையமர்த்தினார். அலமாரி முன்னால் நின்று, “எல் அர்மாரியோ!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மனைவி குங்குமம் கொண்டுவந்து அவர் நெற்றியில் வைத்தாள், வந்த பெண்களுக்கு வைப்பதுபோல. அவர் தன்னையே சுட்டி, “லா” என்றார். பிறகு என் நெற்றியைப் பார்த்து என்னவோ கேட்டார்.

“அப்பா, ஒங்களுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் இல்லன்னு கேக்காங்க.”

திருநீறு பூசுவதைக் கல்லூரிக் காலத்தில் நாத்திகக் கொள்கையோடு விட்டவன் நான். மனைவி சம்படத்தோடு ஓடிவந்தாள். “நல்லாக் கேளுங்க மைனி! நானும் கட்டி வந்த நாள்லேருந்து கேக்கேன்.”

மைனி, அதாவது அண்ணி! நான் மூன்று மாதம் படித்தும் தேறாத சொந்தத்தை, இவள் ஒரு வார்த்தை படிக்காமல் முடித்துவிட்டாள். குனிந்தேன். சம்பந்தியம்மா மூன்று விரலால் நேராக இழுத்தார். கண்ணாடியைப் பார்த்துக் கற்றிருப்பார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அந்த இரண்டாவது சொல் ஞாபகம் வந்தது. எழுந்து நின்று வாக்கியத்தை முழுசாக, பிழையில்லாமல் சொன்னேன். கேட்க ஆளில்லை. மைனிமார் இருவரும் அலமாரியைத் திறந்துவைத்துச் சேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.