ஜீப் டயரில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு

அம்மா இருந்தாள். அப்பா இருந்தார். ஜீப் ஓட்டுகிற மாமா இருந்தார். கணக்கு டியூஷன் சார் டீக்கடை பெஞ்சில் இருந்தார். அக்கா இருந்தாள். ஏழாவது படிக்கிற நானும் இருந்தேன்.

கம்பம் ஊரில், ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகிற ஜீப்புகள் நிற்கிற இடம். சனிக்கிழமை காலை. அம்மா தினமும் போகிறவள். அன்று அக்காவையும் ஏறச் சொல்லியிருந்தார் அப்பா.

காரணம் ஒரு மார்க். அக்கா ப்ளஸ் டூ. டியூஷனில் வைக்கிற கடைசிப் பரீட்சையில் நூத்துக்கு நூறு வந்தால் மேலே படி, ஒன்று குறைந்தாலும் தோட்டம் என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ரெண்டு முட்டை இருந்தால் நூறு, அது தெரியும். வந்தது தொண்ணூத்தொன்பது.

அந்த ஒன்று சைனில் போனது. வட்டத்தில் சுற்றுகிற புள்ளி எவ்வளவு ஏறுது, எவ்வளவு இறங்குது என்கிற கணக்குதான் சைன். பின்னால் அக்கா சொல்லித் தெரியும். முடிவே இல்லாமல் சுற்றினால் அது எதில் போய் நிற்கும் என்று கேள்வி. சார் சொல்லிக்கொடுத்தது பூஜ்யம். அக்கா எழுதியது, எதிலும் நிற்காது.

அக்கா ஏறவில்லை. அம்மாவின் வெற்றிலைப் பையில் சுண்ணாம்பு தொட்டு, ஜீப்பின் பின் டயரில் ஒரு பொட்டு வைத்தாள். மாமாவை மெதுவாக உருட்டச் சொன்னாள். கையில் பேப்பரோடு சார் முன்னால் நின்றாள்.

“சார், இந்தப் பொட்டு அச்சுக்கு மேல ஏறுது, கீழ இறங்குது. மாமா நிப்பாட்டாம ஓட்டுனா எங்கன போயி நிக்கும்?”

“மேல பாதி, கீழ பாதி. கழிச்சா பூஜ்யம், நடுவுல நிக்கும்” என்றார் சார்.

“நடு வழியாப் போகும் சார். அங்கன நிக்காது.”

மாமா தலையை வெளியே நீட்டினார். “டீசல் தீந்தா நிக்கும் ஆத்தா.”

“தீராத டீசல் மாமா.”

எல்லாரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. டீ ஆறுகிற வரைக்கும் டயரையே பார்த்தார். இன்னும் கொஞ்சம் உருட்டச் சொன்னார். பிறகு பேப்பரை வாங்கி, பழைய மார்க்கை அடித்து, நூறு போட்டார்.

“நாந்தேன் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேன். மத்த பிள்ளைகளுக்கும் திருத்தணும்.”

அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல மனசு வேண்டும். அக்கா மாதிரி கேட்கவும் வேண்டும்.

அப்பா ரெண்டு முட்டையையும் விரலால் தொட்டார். “வீட்டுக்குப் போத்தா. போயிப் படி.” சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. அக்கா இப்போது காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

தோட்டத்துக்குச் சொன்ன பதினாறு ஆள் குறையக் கூடாதே என்றார் மாமா. அம்மா என்னைப் பார்த்தாள்.

“இன்னைக்கு லீவுதான. நீ ஏறு.”

எனக்குச் சந்தோஷம். அக்காவுக்கு வைத்திருந்த முன் சீட்டு. காற்று நன்றாக வரும். திங்கட்கிழமையும் அது எனக்குத்தான், அடுத்த வருஷமும் எனக்குத்தான் என்று அப்போது தெரியாது. வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த அக்காவுக்குக் கை காட்டினேன்.

மாமா தலைகளை எண்ணினார். பதினாறு.