சந்தேகப்படக் கற்ற மெஷின்

கியரில் விரிசல் பார்க்கக் கேமரா வைத்த கம்ப்யூட்டர் வருகிறது என்றதும், அடுத்த மாதமே நான் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன் என்று நம்பிவிட்டேன். மறைமலை நகர் தொழிற்சாலையில் அதுவரை அந்த வேலையைப் பார்த்தது என் கண்கள்தான்.

அதைக் கொண்டுவந்தவர் காட்டாங்குளத்தூர் கல்லூரி மேடம். மூக்கு நுனியில் கண்ணாடி, தோளில் கேபிள் சுருள். நல்லது, பழுது என்று நான் பிரித்துத் தரும் கியர்களைப் பார்த்துத்தான் மெஷின் கற்க வேண்டும். அது தப்பு செய்யும்போதெல்லாம், கற்றுக்கொடுக்க ஒன்று கிடைத்தது என்று மேடம் கைதட்டுவார்.

மெஷின் குழம்பட்டும் என்று ஒரு நல்ல கியரைப் பழுதோடு சேர்த்துவிட்டேன். மேடம் அதை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

“இதுல விரிசலே இல்லியே சார், ஏன் தள்ளினீங்க?”

“ஒரு டவுட்டு மேடம்” என்று புளுகினேன்.

துள்ளிவிட்டார். “சூப்பர் சார்! இந்த மெஷினுக்கு டவுட்டே வர மாட்டேங்குது. ‘எனக்குத் தெரியல’ன்னு சொல்ற மெஷின்தான் சார் நாளைக்கு வேணும். உங்களுக்கு டவுட்டு வர்றதெல்லாம் தனியா எடுத்துக் குடுங்க!”

அன்று ஷிப்ட் முடிந்தும் நான் கிளம்பவில்லை. வில்லன் வேலையை மறந்து, நிஜமாகவே சந்தேகமானவற்றைத் தேடித்தேடிக் கொடுத்தேன். என் புளுகு அவருக்குத் தெரிந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேலை போகவில்லை. மெஷின் தனக்குத் தெரியாத கியர்களையெல்லாம் என் மேஜைக்கு அனுப்பியது. என் ஒருவனால் பார்த்து முடிக்க முடியாமல், இன்னொரு ஆளையும் வேலைக்கு எடுத்தார்கள்.