எல்லாருக்கும் ஒரே கூடை

கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் அந்த அலுவலகத்தில் அவள் தட்டச்சு செய்யத்தான் சேர்ந்தாள். ஒருநாள் நெட் படுத்துவிட, எல்லாரும் கையைப் பிசைந்தபோது, மேசைக்கடியில் குனிந்து, கழன்று கிடந்த ஒயரைச் செருகிவிட்டாள். அவ்வளவுதான், கேபிள் அக்கா ஆகிவிட்டாள். நெட் என்றால் இனி அவள் தலையில்தான். அவளும் சளைக்கவில்லை, படித்துத் தேறிவிட்டாள்.

ஆட்கள் பெருகப் பெருக இணைப்பு நத்தையானது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். சிரிப்பு கிலோ என்ன விலை என்று கேட்கிற முகம் அவருக்கு.

"நடுவுல ஒரு ப்ராக்ஸி சர்வர் வெச்சுடலாம் சார். ஒருத்தர் திறந்த பக்கத்தை அது எடுத்து வெச்சுக்கும். அடுத்தவங்க கேட்டா வெளியே ஓடாம கையில இருக்கறதைக் கொடுத்துடும்."

"எதை வாங்கறது?"

"ரெண்டு பாத்து வெச்சிருக்கேன். ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

முதலாவது, விற்பனைக்காரர் கொண்டுவந்து வைத்த பளபளப்பான பெட்டி. செருகியதும் பக்கங்கள் பறந்தன. இதுதான் என்று அவள் மனசுக்குள் முடிவே கட்டிவிட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கர் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, கொஞ்சம் வாங்களேன்."

மகளுக்கு ஷூ வாங்க ஒரு செருப்புக் கடையின் பக்கத்தைத் திறந்திருந்தார். திரையில் மேனேஜரின் பெயர் போட்டு வணக்கம். கூடையில் சிவப்பு நடன ஷூ ஒரு ஜோடி.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இணையக் கடைகளுக்குச் சரியான பூட்டு இல்லாத காலம் அது. முதலில் அந்தக் கடையைத் திறந்தவர் மேனேஜர்; பெட்டி பக்கத்தோடு அவருடைய நுழைவு அடையாளத்தையும் எடுத்து வைத்து ஊருக்கே வழங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கடைக்கு யார் போனாலும் அவர் மேனேஜர்தான்.

அதற்குள் செய்தி எல்லா மேசைக்கும் போய்விட்டது. ஒருத்தர் கூடையில் மழை பூட்ஸைப் போட, இன்னொருத்தர் பாப்பா செருப்பைப் போட்டார். அக்கா சிரிப்பை அடக்கமுடியாமல் ஓடிப் போய்ப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். திரும்பினால் மேனேஜர் நிற்கிறார்.

"என் கூடையில பாப்பா செருப்பு எப்படி வந்துச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள், சிரிப்புதான் வந்தது. கண்ணைத் துடைத்துத் துடைத்து ஒருவழியாக விளக்கி முடித்தாள். மேனேஜர் காது சிவந்தது.

"நானும் வீட்டுக்காரியும் டான்ஸ் கத்துக்கறோம்," என்றார் மெல்ல. "அவ நல்லாவே ஆடறா. நான்தான் அவ காலை மிதிக்கறேன்."

"ஒரு ஸ்டெப் காட்டுங்க சார்," என்றார் கணக்கர்.

காட்டமாட்டார் என்றுதான் நினைத்தார்கள். அவரோ சுருட்டிய வரைபடம் ஒன்றை அணைத்துக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கைதட்டலில் பக்கத்து அலுவலகத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாவது, பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடுகிற இலவச மென்பொருள். இந்தத் தடவை ஊரைக் கூட்டுமுன், அவளும் கணக்கரும் அதே கடைக்குள் தனித்தனியே போய்ப் பார்த்தார்கள். அவரவர் கூடை அவரவரிடமே இருந்தது. வேகம் ஒரு மாற்றுக் குறைவு, அதனால் என்ன? அதையே வைத்தாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் கணவனிடம், "நாமளும் டான்ஸ் கத்துக்கலாமா?" என்றாள்.

"எனக்கு முட்டி வலிக்குமே."

"வலிச்சா உக்காந்து கைதட்டுங்க. நான் ஆடறேன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்திலேயே ஆடத் தொடங்கிவிட்டாள்.