மஞ்சள் புள்ளி

மதியழகனைப் பீர்க்கன்கரணையில் எல்லாரும் மிலிட்டரிக்காரர் என்பார்கள். அவர் துப்பாக்கியைத் தொட்டே வருஷக்கணக்காயிற்று. தாம்பரம் பக்கம் ஏசி போட்ட ஓர் அறையில் உட்கார்ந்து திரையில் கடலைப் பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். மீனவக் குப்பத்தில் பிறந்த மனுஷனுக்குக் கடல் என்றால் இப்போது நீல நிறம், அதில் ஊரும் புள்ளிகள், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் மூன்று ஊர்களில் மூன்று அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனித் திரை. ஒருவர் பார்த்தது அடுத்தவருக்குத் தெரியாது. அதனால் போனை எடுத்துக் கத்துவார்கள். "சார், கிழக்கே ஒண்ணு நிக்குது, பாத்தீங்களா?" காது போய்விடும்போல இருக்கிறது என்று மதியழகன் அலுத்துக்கொள்வார். இரண்டாயிரத்து ஏழில் மூன்றையும் இணைத்துவிட்டார்கள். ஒரே கடல், ஒரே புள்ளி, மூன்று திரையிலும். பார்த்தவர் பொத்தானை அமுக்கினால் புள்ளி மஞ்சளாகும். யாரோ கவனித்துவிட்டார்கள் என்று அர்த்தம். போன் ஓய்ந்தது. நிம்மதியாக டீ குடிக்க முடிந்தது.

அந்த வருஷக் கடைசியில் கடலில் கப்பலிலிருந்து சுடும் பயிற்சி வந்தது. குப்பங்களுக்கெல்லாம் முன்னாலேயே சொல்லி, கடலில் ஒரு பகுதிக்குள் யாரும் வரக்கூடாது என்று வைத்திருந்தார்கள். காலையில் அதற்குள் ஒரு புள்ளி வந்து நின்றது. மதியழகன் பார்த்தார். ஏற்கெனவே மஞ்சளாக இருந்தது. அடுத்த அறைக்காரர் முந்திக்கொண்டார், அவரே கப்பலுக்குச் சொல்லிவிடுவார் என்று நினைத்து, தானும் ஓர் அமுக்கு அமுக்கினார். மூன்றாவது அறையும் அமுக்கியது. கப்பலுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கப்பலில் இருந்தவர்கள் சுட்டார்கள்.

மோட்டார் நின்றுபோய், நீரோட்டம் இழுத்து வந்த ஃபைபர் படகு அது. உள்ளே ஒரே ஆள். பெயர் மத்தியானம்தான் தெரிந்தது. சக்திவேல், மதியழகனின் மனைவி அஞ்சலியின் தம்பி.

விசாரிக்க வந்த அதிகாரி ஸ்ரீரங்கன் மேஜையைத் தட்டினார். "மூணு பேர் பார்த்திருக்கீங்க. ஏன்யா ஒருத்தரும் வாயத் திறக்கல?"

"எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு சார்" என்றார் மதியழகன்.

ஸ்ரீரங்கன் நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஃபேமிலிக்குத் தகவல் போயிடுச்சு. நீங்க வீட்டுக்குப் போங்க."

பஸ்ஸில் அழுகை வரவில்லை. கண்டக்டர் சில்லறை கேட்டதற்குக்கூட ஒழுங்காகப் பதில் சொன்னார். அஞ்சலிக்கு அந்தச் சேதியைத் தன் வாயால் சொல்ல வேண்டாம், அந்த ஒன்றைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் கும்பல். வீட்டுச் சொந்தக்காரர் ஏகநாதன் தன் செருப்பைப் பார்த்தபடி வழிவிட்டார். எதிர்வீட்டுக் கங்கையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். குப்பத்திலிருந்து சேதியோடு வந்த பங்காளி குப்பன் சுவரில் சாய்ந்து நின்றான். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மதியழகனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

உள்ளே அஞ்சலி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? மோட்டாரு பேஜார் பண்ணுதுன்னு ஒரு வாரமா பொலம்பிகினு கீறான் சக்தி. சாயங்காலம் வரேன்னான். மீன் துன்னு துன்னு அலுத்துப் போயிருப்பான்னு கறி எடுத்தாந்தேன்." நிமிர்ந்தாள். "வெளிய இன்னா கும்பலு? கேட்டா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்றாங்க."

மதியழகன் திரும்பி வாசலைப் பார்த்தார். குப்பன் ஏகநாதனைப் பார்த்தான். ஏகநாதன் கங்கையம்மாளைப் பார்த்தார். கங்கையம்மாள் மதியழகனைப் பார்த்தார்.

"சக்தி போயிட்டான் அஞ்சலி" என்றார். "பயிற்சி நடக்கற எடத்துல படகு வந்துடுச்சு. சுட்டுட்டாங்க."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தவில்லை. கையிலிருந்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தாள்.

"நீ அங்கதான குந்திகினு இருந்த? நாள் பூரா கடலத்தான பாக்குற? என் தம்பி படகு உன் கண்ணுல படலியா?"

பொய் வாய்வரை வந்தது. சொல்லத் தெம்பு இல்லை.

"பாத்தேன்."

"பாத்துட்டு இன்னாய்யா பண்ண?" என்று கேட்டாள் அஞ்சலி.