கறுப்பு வெள்ளை நோட்டீஸ்

உதயராஜ் படம் பிடிப்பதைவிடப் பிடிவாதம் பிடிப்பதில் கெட்டிக்காரர் என்று அலுவிகாரை ஊர்ப் பக்கம் சொல்வார்கள். ஒரு முகத்தைப் பார்க்க வேண்டுமானால் கறுப்பு வெள்ளையில்தான் பார்க்க வேண்டும், கலர், சட்டையைத்தான் காட்டும் என்பது அவருடைய கட்சி. கலியாண வீட்டுக்காரர்களிடம்கூட இதற்காகச் சண்டை பிடித்திருக்கிறார்.

2003இல் மகள் பிறந்த மாதமே கடையைத் திறந்து, அவள் பெயரையே வைத்தார். சிவநந்தினி ஸ்டூடியோ. அந்த மகள் இரண்டு வருடத்துக்கு முன், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், மனசுக்குப் பிடித்தவனோடு பஸ்ஸில் போகும் தூரத்து ஊரான நாலந்தாவுக்குப் போய்க் குடித்தனம் நடத்தத் தொடங்கினாள். கோயில் வாசலில் யாரோ விசாரித்தபோது, நாலு பேர் முன்னால் உதயராஜ், "எனக்கு மக செத்துட்டா" என்று சொல்லிவிட்டார். அது அவள் காதுக்கும் போனது. போன் நம்பரை மாற்றிவிட்டாள்.

சொன்ன வாய் வீடு வந்து சேருவதற்குள் வருந்தியது. ஆனால் தானாக அவள் வாசலில் போய் நிற்க மனுஷனுக்கு ரோஷம் விடவில்லை. அவள் ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று போனைத் தலைமாட்டில் வைத்தே தூங்கினார்.

அந்த ஆசையில் பிறந்ததுதான் நாலந்தாவில் கொடுக்க நினைத்த ஸ்டூடியோ நோட்டீஸ். வெளியே சொன்ன காரணம் வியாபாரம். நாலந்தாவில் இருந்து யாருங்க இங்க வந்து படம் பிடிக்கப் போறாங்க என்று மனைவி பாப்பம்மா கேட்டாள். அவர் மகளின் பழைய படங்களைத் தேடி எடுத்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மூன்று நாள் மண்டையைப் போட்டு உடைத்தார். மகளுக்குப் பதினெட்டு வயதில் ஜன்னலோரம் எடுத்த படத்தை நடுவில் வைத்தார். அவர் எடுத்ததிலேயே நல்ல முகம் அது. சுற்றிலும் கறுப்புக் கரை. கீழே பெரிய எழுத்தில் சிவநந்தினி, அதற்குக் கீழே 2003. ஸ்டூடியோ என்ற சொல் அழகைக் கெடுப்பதாகப் பட்டது. சின்னதாக்கி ஓரத்துக்குத் தள்ளினார். படக்காரனுக்கு ஒரு வாசகம் வேண்டாமா? 'நீங்காத நினைவுகள்' என்று போட்டார். அடியில் போன் நம்பர்.

அச்சடித்துக் கொடுத்தவன், போட்டோகொப்பியும் அச்சு வேலையும் செய்யும் கொமினிகேஷன் கடை றிஷாத். முஸ்லிம் வீட்டு மௌத்து அறிவித்தலில் செத்தவர் படம் போடும் வழக்கமே இல்லை. அதனால் அவனுக்கு எதுவும் உறுத்தவில்லை. நல்லா வந்திருக்கு அண்ணே என்றான்.

உதயராஜ் பஸ் ஏறிப் போய், நாலந்தா சந்தியில் தானே நின்று ஒவ்வொரு கையிலும் கொடுத்தார். மிச்சத்தைக் கடைச் சுவர்களில் ஒட்டினார். வாங்கியவர்கள் ஏன் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை போன் அடித்தது. மகள்தான்.

"நோட்டீஸ் கெடச்சிச்சுப்பா. பக்கத்து வீட்டு அக்கா அழுதுக்கிட்டே கொண்டாந்து, இது நீ தானேன்னு கேட்டாங்க. அன்னைக்கி வாயால சொன்னீங்க. இன்னைக்கி அச்சடிச்சே குடுத்துட்டீங்க."

அம்மாடி என்று அவர் வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள். திருப்பி எடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தார். அவள் போன் அணைந்து கிடந்தது.

மேசையில் மிஞ்சிய ஒரு நோட்டீஸைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஊரில் எத்தனை சாவு வீட்டுக்குப் படம் கொடுத்த மனுஷன்! கரை, பெயர், வருடம், நீங்காத நினைவுகள். எல்லாம் முறைப்படி இருந்தது. செத்த தேதி ஒன்றுதான் குறைவு. பாப்பம்மா அதைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். உதயராஜ் கேவிக் கேவி அழுதார். பிறகு முகம் கழுவாமலே றிஷாத்தின் கடைக்கு நடந்தார்.

இன்னொரு நோட்டீஸ் வேண்டும் என்றார். படம் அதேதான், கரை வேண்டாம். கடைப் பெயரை எங்கே போடுவது என்று றிஷாத் கேட்டான்.

"கடை வேணாம் தம்பி. என் மக நல்லா இருக்கான்னு போடுங்க. நம்பரைப் பெருசா போடுங்க."

வழக்கம்போலக் கறுப்பு வெள்ளைதானே என்று கேட்டபடி அவன் மெஷினைத் திறந்தான்.

"இல்ல. கலர்லயே அடிங்க."