என் போனில் மட்டும் திறந்த லிங்க்

மும்பையை அடுத்த ஐரோலியில் ஒரு கம்பெனியில் எனக்கு ஹெல்ப் டெஸ்க் வேலை. யாராவது போன் பண்ணி "திறக்க மாட்டேங்குது" என்றால், "இங்க எனக்கு நல்லாத் திறக்குதே" என்பதுதான் என் முதல் பதில். அதிலேயே பாதிப் பேர் வாயடைத்துப் போவார்கள். இந்தத் திறமையை நம்பித்தான் அக்கா தன் ஆர்டரை என் கையில் ஒப்படைத்தாள்.

அக்கா தாராவியில் சமையல் ஆர்டர் எடுக்கிறாள். அதுவரை ஞானஸ்நானம், பிறந்தநாள் என்று சின்ன விசேஷங்கள்தான். செம்பூரில் பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர், மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். நிச்சயதார்த்தம் கிடைத்தால் கல்யாணமும் தானே வந்து சேரும் என்று அக்கா கனவு கண்டாள். ஆனால் சயானில் இன்னொரு சமையல்காரரிடமும் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் ஆட்டுக்கறிக் குழம்பைப் புகழ்ந்து முன்பின் தெரியாத ஒருவர் நான் உறுப்பினராக இருக்கும் சமூக வலைத்தளத்தில் எழுதியிருந்த பதிவு என் கண்ணில் பட்டது. ஏதோ பிறந்தநாள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். படத்தோடு, அக்கா எந்தச் சந்தில் சமைக்கிறாள் என்ற விவரத்தோடு போட்டிருந்தார். உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன்.

"தம்பி, படத்தை யார் வேணாலும் உண்டாக்கலாம். லிங்க் அனுப்புங்க" என்றார். பேங்க்காரர் அல்லவா!

லிங்க்தானே என்று அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் போன்.

"தம்பி, இது எங்கிட்ட பாஸ்வேர்டு கேக்குது. நீங்க நல்ல குடும்பத்துப் பிள்ளைனு நினைச்சேன்."

"அண்ணாச்சி, இங்க எனக்கு நல்லாத் திறக்குதே."

"உங்களுக்குத் திறந்து எனக்கு என்ன பிரயோசனம்?"

இந்தக் கேள்வியை ஆபீஸில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. போனை அணைத்துப் போடச் சொன்னேன். போட்டுவிட்டு மறுபடி அழைத்தார். மகள் போனில் பார்க்கச் சொன்னேன். மகளிடமும் பாஸ்வேர்டு கேட்டது. பின்னணியில் அந்தப் பெண், "அப்பா, பக்கா ஃப்ராடு, தொடாதீங்க" என்று ஹிந்தியில் சொன்னது எனக்கே தெளிவாகக் கேட்டது.

அக்கா கரண்டியோடு வந்து நின்றாள். "என்னலே ஆச்சு?"

விளக்கினேன். இந்த வலைத்தளம் ஒரே கம்பெனியுடையது இல்லை, யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாம், ஒரு சர்வரில் எழுதியதை இன்னொரு சர்வரில் இருப்பவர் படிக்கலாம் என்றேன்.

"அப்போ குழம்பைப் பத்தி எழுதினவரு உன் சர்வரா?"

"இல்லக்கா, அவரு வேற சர்வர்."

"அண்ணாச்சி?"

"அவரு எந்த சர்வரிலயும் இல்ல."

"நீ?"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "நான்... எல்லாத்தையும் பாக்கேன்லா."

"மூதி, ஒரு குழம்பைக் காட்டத் துப்பில்ல. இதுல ஐரோலி வரைக்கும் ரயில்ல போய் என்னத்தக் கிழிக்க?"

மறுநாள் ஐரோலியில் போய் எதையும் கிழிக்கவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த லிங்கைப் போட்டேன். பாஸ்வேர்டு கேட்டது. எனக்கே! அண்ணாச்சிக்கு என் மேல் வந்த சந்தேகம் இப்போது எனக்கே வந்தது.

அப்போது அடுத்த மேஜைக்காரர் அக்காவிடம் சாப்பாடு வாங்கப் போய்த் தொலைந்த கதை நினைவுக்கு வந்தது. எங்கள் வீடு ஒரு சந்தில், அக்கா சமைக்கும் அறை வேறு சந்தில். யார் வழி கேட்டாலும் அக்கா, "நம்ம வீட்டு வாசல்ல இறங்கி இடது கைப்பக்கம் திரும்புங்க" என்றுதான் தொடங்குவாள். "உங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டால், "சமையல் ரூமுக்கு ரெண்டு சந்து முன்னால" என்பாள். எங்கள் பகுதியில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். இதைச் சொல்லிச் சொல்லி ஆபீஸ் முழுக்கச் சிரிக்க வைத்தவன் நான்.

நான் அண்ணாச்சிக்கு அனுப்பியதும் அதே வழிதான். குழம்புப் பதிவின் நகல் ஒன்றை நான் சேர்ந்திருக்கும் சர்வர் எடுத்து வைத்திருக்கிறது. அந்த நகலின் முகவரியைத்தான் அனுப்பியிருக்கிறேன். பாஸ்வேர்டு போட்டு நுழைந்த உறுப்பினரைத் தவிர யாரையும் என் சர்வர் உள்ளே விடாது; என் போன் மட்டும் எப்போதும் நுழைந்தே இருக்கிறது. பதிவு பிறந்த இடத்து லிங்க் வேறு. "அசல் பக்கத்தைத் திற" என்று மெனுவில் ஒரு வரியே இருந்தது. அது ஏதோ அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

அசல் லிங்கை ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். திறந்தது. அண்ணாச்சிக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் கீழே உருட்டினேன். என் சர்வர் நகலில் பதிவுக்கு மறுமொழி ஒன்றுகூட இருந்ததில்லை. அசலில் வரிசையாக இருந்தன. அவை ஏன் எங்கள் பக்கம் வரவில்லை என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. முதல் மறுமொழி: "குழம்பு ருசிதான். ஆனா காரத்துல காது அடைச்சுப்போச்சு."

நான் அழைத்துச் சமாளிப்பதற்குள் அண்ணாச்சியே அழைத்தார்.

"திறந்துட்டுது தம்பி. காது அடைக்குமாமே?"

"அது வந்து அண்ணாச்சி..."

"இதை மறைக்காம அனுப்பினீங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை நானே வந்து சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுதேன்."

என் நேர்மையை அவ்வளவு பாராட்டியவரிடம், அதை நானே இப்போதுதான் பார்த்தேன் என்று சொல்ல மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவர் ரோட்டிலிருந்து அக்காவை அழைத்தார். லிங்க் கூத்தைக் கேட்டதிலிருந்து அக்கா என்னைக் கிண்டல் செய்தே களைத்திருந்தாள். அன்றைக்கு, "நம்ம வீட்டு..." என்று தொடங்கியவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, நீங்க எங்க நிக்கிய? அங்கேயே நில்லுங்க. நானே வாரேன்."

குழம்பு ஊற்றிய இரண்டாவது கவளத்திலேயே அண்ணாச்சியின் கண்ணாடியில் ஆவி ஏறியது. மூக்கைத் துடைத்துக்கொண்டார். அக்கா கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்குக் காரத்தைக் குறைச்சு ஒரு பாத்திரம்" என்றார். "எங்க ஆளுகளுக்கு இதையே போட்டிரும்மா."

போகும்போது என்னைப் பார்த்து, தானும் அந்தப் பதிவுக்குக் கீழே நாலு வரி எழுத வேண்டும், எந்த சர்வரில் சேர வேண்டும் என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் வாயில் ஒரு கறித்துண்டை வைத்துவிட்டாள்.